மயிலையின் சலங்கை கட்டிய மோட்டார் சைக்கிள்

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆனைமலையில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரையிடம் வேலை பார்த்தேன், அவருடைய மோட்டார் சைக்கிளில்தான் ஓட்டப் பழகினேன். அப்புறம் கல்யாணம், காடு, மாடு என்று ஆகி அந்த ஆசையை மூட்டைகட்டி வைத்துவிட்டேன். பல வருஷம் கழித்து, போத்தனூர் ரயில்வே காலனியில் ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், சீமைக்குப் புறப்படுகிறார், தம்முடைய பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே போய் வாங்கி வந்துவிட்டேன்.

வண்டி ஓடியது, பார்க்கத்தான் சகிக்கவில்லை. பெட்ரோல் டாங்கி முழுக்கத் துரு. மணல் போட்டுத் தேய்த்து, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புகளுக்கு அடித்து மீந்திருந்த சிவப்பு வர்ணத்தை அடித்தேன். சீட்டுக்குப் புதுத் தோல் தைத்தேன், பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்கினேன், புது மாப்பிள்ளை போல நின்றது. அமுக்கி ஊதுகிற ஹாரனின் ரப்பர் பந்து மட்டும் வெடித்துக் கிடந்தது. சத்தம் வேண்டுமே என்று பரண்மேல் கிடந்த மயிலையின் சலங்கைப் பட்டையை எடுத்து ஹேண்டில்பாரில் கட்டினேன்.

மயிலை எங்கள் வண்டிக் காளை, செத்துப்போயிருந்தது. செத்த மாட்டின் சலங்கையை அதோடு புதைத்துவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம், எனக்கு மனசு வராமல் எடுத்து வைத்திருந்தேன். என் சம்சாரம் பாவாத்தாள் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனாள்.

"ஏனுங்க, அதெக் கழட்டிப்போடுங்க. செத்த மாட்டுச் சலங்கைய உசுருள்ளது எதுக்கும் கட்டக்கூடாதுங்க."

"வண்டிக்கு உசுரா இருக்குது? பெட்ரோல் குடிக்கற இரும்பு இது, புள்ள" என்று கேலி செய்தேன்.

அந்த ஐப்பசியில் அடைமழை. எங்கள் மகள் மரகதத்துக்குக் காய்ச்சல் வந்து தொண்டை வீங்கிப்போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் மூச்சு விட முடியாமல் கண்கள் மேலே செருக ஆரம்பித்தன. தொண்டை அடைப்பான், டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். மாட்டு வண்டியில் போனால் பிள்ளை தங்காது. பாவாத்தாளின் சேலையால் குழந்தையை என் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பாவாத்தாளும் அவள் தம்பி சென்னியப்பனும் மாட்டு வண்டி பூட்டிப் பின்னால் வருவதாக ஏற்பாடு.

பேரூருக்குத் தெற்கே எங்கள் ஊர், டவுனுக்குப் போக நொய்யலைத் தாண்டியாக வேண்டும். கரைக்கு வந்து பார்த்தால் தரைப்பாலத்தின்மேல் செந்தண்ணீர் புரண்டு போகிறது. இறங்கினால் ஆறு கொண்டுபோகும், நின்றால் பிள்ளை போய்விடும். கத்திக் கத்திக் கடவுளை வைதேன், அப்புறம் வைததற்காக அவரையே கும்பிட்டேன், கும்பிட்டுக்கொண்டே வண்டியைத் தண்ணீரில் விட்டேன்.

நடு ஆற்றில் எஞ்சின் இருமி அணைந்துபோயிற்று. மரகதத்தின் மூச்சு என் கழுத்தில் படுவதும் நின்றுவிட்டது போல இருந்தது. அந்த நேரத்தில் என் வாயில் ஏன் அது வந்தது என்று எனக்குத் தெரியாது, டாங்கியின்மேல் கையை வைத்து, "ஹை, மயிலை! என் சாமி, இழுடா!" என்று கதறினேன்.

நம்பினால் நம்புங்கள், கைக்கு அடியில் அந்த இரும்பு சூடாக இருந்தது. ஈ உட்கார்ந்தால் மாடு தோலைச் சிலிர்க்குமே, அப்படி ஒரு தரம் சிலிர்த்தது. வண்டி முன்னால் நகர்ந்தது. மயிலை ஆற்றில் வண்டி இழுக்கும்போது தலையை ஒரு வெட்டு வெட்டி எட்டு வைக்கும், அதே மாதிரி வெட்டி வெட்டிப் போயிற்று. கரையேறியது, தென்னந்தோப்புகளைக் கடந்தது, உக்கடம் குளத்துக் கரையோடு ஓடி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அத்தனை தூரமும் எஞ்சின் சத்தம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, சலங்கைதான் கேட்டது.

டாக்டர் குழந்தையின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார். அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டதும் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

தண்ணீர் வடிந்து காலையில்தான் பாவாத்தாளும் சென்னியப்பனும் வந்து சேர்ந்தார்கள். அவன் கையில் சேறு அப்பிய ஒரு சங்கிலி.

"மச்சான், இது உங்க மோட்டார் சைக்கிள் சங்கிலிதானுங்களா? நம்மூருப் பக்கத்துக் கரையில, தண்ணியில எறங்கறதுக்கு முன்னாலயே கெடந்துதுங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். பின்சக்கரத்துப் பல்லில் சங்கிலி இல்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரம் ஒரு சாண் நகராது. பதற்றத்தில் தள்ளிக்கொண்டே போயிருப்பாய் என்பீர்கள். பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு, அந்தப் பாரத்தை, அந்த வெள்ளத்தில், அவ்வளவு தூரமா? நானும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன், முடியவில்லை.

சங்கிலியை மாட்டி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டாக்டர் குழாயை எடுத்த பிறகு மரகதத்தையும் கூட்டி வந்தோம். அவளுக்குக் குரல் திரும்பிய அன்று சாயங்காலம், கட்டிலில் படுத்தபடியே அவள் அம்மாவிடம் முதலில் கேட்டது இதுதான்.

"அம்மா, அந்த மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா? அவ்வளவு தூரம் ஓடியாந்துதே, பாவம்."

மயிலை செத்ததற்கு அப்புறம் பிறந்தவள் அவள். அதைப் பற்றி அவளிடம் யாரும் பேசியதில்லை.

பாவாத்தாள் என்னைப் பார்த்தாள். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு நேரே வைத்தாள். அவ்வளவு கேலி பேசிய நான் வாளியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்தேன்.

விடிந்து நான் எழுந்து வருவதற்குள் வாளியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அதில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று அவள் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.