இடக்கொச்சி நாடகத்தில் என் ஒரே காட்சி

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நாடக மேடை ஏறியிருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. வேஷமும் கிடையாது, வசனமும் கிடையாது. காட்சி பாதியில் நடந்துகொண்டிருக்கும்போது நானாக ஏறினேன். எண்பதுகளின் தொடக்கத்தில், இடக்கொச்சியில் ஓர் இறால் கம்பெனியின் கொட்டகையில் நடந்தது இது. இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்கு ஈரக்குலை நடுங்கத்தான் ஏறினேன்.

என் வீட்டுக்காரர் நாடக நடிகர். வீட்டில் தமிழ், மேடையில் மலையாளம். தாத்தா காலத்திலேயே பிழைக்க வந்து கொச்சி மட்டாஞ்சேரியில் தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. நான் பாலக்காட்டுக்காரி. மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. எழுபதுகளில், கல்யாணமான புதிதில், அவரோடு கடைத்தெருவில் நடந்துபோனால் சுமை தூக்குகிறவர்கள் மூட்டையோடு நின்று அவருடைய வசனத்தை அவரிடமே சொல்லிக் காட்டுவார்கள். சாயாக்கடையில் காசு வாங்க மாட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாது. இப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைத்தாரே என்று அந்தத் தெருவில் நிமிர்ந்துதான் நடப்பேன்.

ஜனங்களின் அந்தப் பிரியம்தான் அவரைக் கெடுத்தது. நாடகம் முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு கிளாஸை நீட்டுவார்கள். முதலில் மேடைக்குப் பிறகு குடித்தார். பிறகு மேடைக்கு முன்னால். பிறகு மேடை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓர் உற்சவத்தில் ராஜா வேஷம் போட்டுக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. குறட்டை மைக்கில் கேட்டது. ஜனங்கள் மண்ணை வாரி எறிந்தார்கள். மானம் கப்பலேறிப் போயிற்று. அதற்கப்புறம் எந்த நாடகக் குழுவும் எங்கள் சந்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

குடியைக்கூட நான் பொறுத்திருப்பேன். பொய்தான் என்னைக் கொன்றது. "பல்வலிக்கு மருந்து வெச்சேன்" என்பார். "பஸ்ஸுல பக்கத்துல நின்னவன் குடிச்சிருந்தான், அவன் வாடை" என்பார். மேடையில் பேசுகிற அதே குரலில், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில். துருவித் துருவிக் கேட்பேன், சட்டைப் பையைக் குடைவேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பேன். ஒரு நாளும் அவர் வாயிலிருந்து உண்மை வந்ததில்லை.

கடைசியில் மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். என்னையும் மகளையும் கையோடு கூட்டிப் போக பாலக்காட்டிலிருந்து அண்ணன் வந்துவிட்டான். நான் போகவில்லை. ஆனால் அண்ணனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, படுத்திருந்தவரிடம் சொன்னேன்: "இங்க பாருங்க. இனி ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு உங்க நாக்குல பட்டுச்சுன்னு தெரிஞ்சா, மோளைக் கூட்டிக்கிட்டு வண்டி ஏறிடுவேன். அப்புறம் நீங்க வந்து கால்ல விழுந்தாலும் திரும்ப மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். நான் வெறும் வாய்க்குச் சொல்லவில்லை. பெட்டியில் எனக்கும் மகளுக்கும் துணி மடித்து வைத்தேன், அது அப்படியே இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் அவர் தொடவில்லை. நான் ரவிக்கை தைத்துக் குடும்பம் நடத்தினேன். ராஜா வேஷம் கட்டினவர் பக்கத்தில் உட்கார்ந்து ஹூக் வைத்துக் கொடுத்தார். நன்றாகத்தான் வைப்பார். ஆனால் ரோட்டில் நாடக வண்டி மைக்கோடு போனால் கை அப்படியே நின்றுவிடும்.

அப்போதுதான் மாஷ் வந்தார். நாடகம் எழுதி நடத்துகிறவர், ஊரே அவரை மாஷ், அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடும். மலையாளி. என்னிடம் பேசும்போது மட்டும் தனக்குத் தெரிந்த தமிழை எடுத்து விடுவார். புது நாடகம் கையில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு முக்கிய வேஷம். என்ன வேஷம் என்று கேட்டேன். மாஷ் சாயா கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஒரு குடிகாரன்."

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ! "நல்லா இருக்கு மாஷே! நெருப்புல வெந்தவனைக் கூப்பிட்டு வெடி கட்டச் சொல்றீங்களா? உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"தங்கச்சீ, வேற யாரு செஞ்சாலும் அது நடிப்பு மாத்திரம்" என்றார் மாஷ்.

மாஷ் போனதும் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "இதையும் விட்டா எனக்கு ஹூக்குதான். கோவிச்சுக்காதே. ஒரு தடவை ஏறிப் பாக்கறேன்." அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எப்படி முடியாது என்று சொல்வேன்?

ஒத்துக்கொண்டேன், என் நிபந்தனைகளோடு. நாடக உலகத்தில் அப்போது ஒரு கிறுக்கு வழக்கம் இருந்தது. குடிகாரன் வேஷம் கட்டுகிறவருக்கு ரசிகர்கள் யாராவது பாட்டிலில் அசல் சரக்கை ஊற்றி வைப்பார்கள். அது அவருக்குச் செய்கிற மரியாதையாம். வேறு எங்காவது இப்படி உண்டா, எனக்குத் தெரியாது. அதனால் மேடை பாட்டிலை நான்தான் நிரப்புவேன் என்றேன். காலி பிராந்தி பாட்டிலைக் கழுவி, கட்டன்சாயா, அதாவது பால் விடாத தேயிலைத் தண்ணீர், கன்னங்கரேலென்று காய்ச்சி, ஆற்றி, நானே மூடினேன். ஒவ்வொரு மேடைக்கும் கூட வருவேன் என்றும் சொன்னேன். மாஷ் தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார்.

முதல் மேடைதான் அந்த இறால் கம்பெனி. ஆண்டு விழா. சாயங்காலம் ஐஸ் லாரி வந்து வேலை தொடங்கிவிடும் என்பதால் பகல் இரண்டு மணிக்கே நாடகம். தோப்பும்படியில் பஸ் மாறி, மடியில் பாட்டிலும் பக்கத்தில் மகளுமாகப் போய் இறங்கினேன். பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசி இறால் தோலுரிக்கிற பெண்கள், விரலெல்லாம் வெளுத்து ஊறிப்போனவர்கள். கழுவிவிட்டிருந்தும் கொட்டகையில் குடலைப் பிடுங்குகிற நாற்றம். பத்து நிமிஷத்தில் என் மூக்கு செத்துப் போயிற்று. பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு, மகளோடு முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தேன்.

மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மிளகுத் தரகரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் பழைய கூட்டாளி, மட்டாஞ்சேரியிலிருந்து மெனக்கெட்டு வந்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய அன்பே பாட்டில் ரூபத்தில்தான் வரும். கக்கத்தில் பேப்பர் சுற்றிய பொட்டலத்தோடு ஒப்பனை அறைக்குள் போனார். சிரித்துக்கொண்டே வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கக்கத்தில் இப்போது பொட்டலம் இல்லை. எழுந்து ஓடலாம் என்றால் உள்ளே ஆண்கள் வேஷம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் திரை தூக்கிவிட்டார்கள்.

அவர் மேடைக்கு வந்தார். ஆள் மெலிந்திருந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. முதல் வசனத்திலேயே கொட்டகை அடங்கிப் போயிற்று. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த மனுஷனையா நான் ஹூக் வைக்க உட்கார்த்தி வைத்திருந்தேன் என்று நினைத்தேன்.

இரண்டாவது காட்சியில், மேடையில் அவருக்கு மனைவியாக நடித்த பெண் அழுதுகொண்டு நிற்க, அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். நான் ஊற்றியது கன்னங்கரேல் சாயா. இவர் கையில் இருந்தது பொன் நிறத்தில் மினுங்கியது. பிராந்தியேதான். அவர் மூடியைத் திருகினார், அண்ணாந்தார், மடக்கு மடக்கென்று குடித்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. மகளைப் பக்கத்துப் பெண்ணின் மடியில் தள்ளிவிட்டு, ஓரத்தில் போட்டிருந்த பெஞ்சின் மேல் ஏறி மேடைக்குப் போய்விட்டேன். அவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினேன். மோந்து பார்த்தேன். செத்த மூக்குக்கு என்ன தெரியும்? அத்தனை ஜனத்துக்கு முன்னால் பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டேன்.

சாயா! தண்ணியாக, ஆறிப்போய், சர்க்கரை அள்ளிக் கொட்டிய சாயா!

கொட்டகை எழுந்து நின்றது. தோலுரிக்கிற பெண்களுக்கு நான் யார் என்று தெரியாது, நாடகத்தில் வருகிற ஆள் என்றே நினைத்தார்கள். "அடி சேச்சீ! ஒண்ணு கொடு அவனுக்கு!" என்று ஒருத்தி கத்தினாள். "என் வீட்டுக்கும் வா சேச்சீ!" என்று இன்னொருத்தி. ஒரே விசில், கைதட்டல். நான் வாயெல்லாம் சாயாவோடு மரம் மாதிரி நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி, தள்ளாடிக்கொண்டே, வேஷம் கலையாமல் சொன்னார்: "என்றெ தெய்வமே, ஒரு பாரியை போதாதா? ரெண்டாமத்தவளும் வந்தாச்சே! வந்ததும் இல்லாம என் சாராயத்தையும் குடிச்சாச்சே!"

கொட்டகை சிரிப்பில் ஆடியது. மனைவியாக நடித்த பெண் கெட்டிக்காரி. "வாங்கக்கா, இந்த ஆளு நமக்கு வேண்டாம்" என்று என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். அவர் தனியாக நின்று அந்தக் காட்சியை முடித்தார். என்ன பேசினார் என்று எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. முடிந்தபோது எழுந்த கைதட்டல் மட்டும் கேட்டது. மாஷ் என்னைத் திட்டப் போகிறார் என்று பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை விட்டார்கள். நான் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் பின்பக்கம், காயல் ஓரத்தில் உரித்துப் போட்ட இறால் தோடு குவித்திருந்த இடத்துக்குப் போய் நின்றேன். ஒரு வருஷமாக யோக்கியமாக இருந்த மனுஷனை ஊர் முன்னால் இப்படிச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று என்னையே கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே அவர் வந்தார். முகத்தில் பாதி ஒப்பனை வியர்வையில் கரைந்திருந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பித்தேன்.

"இரு. நீ தப்பா ஒண்ணும் செய்யல" என்றார். "உன் சாயாவைக் கொட்டிட்டு அந்த மிளகுக்காரச் சேட்டன் பிராந்தி ஊத்தி வெச்சார். எனக்கு மரியாதை செய்யறாராம். பாக்கிப் பொட்டலம் ஒப்பனை ரூம்லயே பெஞ்சுக்கடியில இருக்கு."

"அப்புறம்?"

"முதல் காட்சி முடிஞ்சதும் ஓடி வந்து, பாட்டில்ல இருந்ததை இந்தத் தோடு மேல கொட்டினேன். பாட்டிலைக் கழுவிக் கம்பெனி சாயாக்கொட்டில்ல போய் கட்டன் வாங்கி ஊத்தினேன். அதான் நிறம் வெளுத்துப் போச்சு."

அப்பாடா என்று நான் மூச்சு விடப் போனேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

"கொட்டறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து மோந்து பாத்தேன். ஒரு சொட்டு நாக்குல வெச்சேன். உடனே துப்பிட்டேன். ஆனா வெச்சேன். நீ ஒரு சொட்டுன்னுதான சொன்னே. உன்கிட்ட மறைக்க எனக்கு இஷ்டமில்ல. நீ போறதுன்னா போ. நான் தடுக்க மாட்டேன்."

இந்தத் தோட்டுக் குவியல் பக்கத்தில் அவர் தனியாக நின்றிருக்கிறார். பார்த்தவர் ஒருவரும் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் இந்த ஜென்மத்தில் எனக்குத் தெரிந்திருக்காது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றவளும் நான்தான். அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கு அவர்தான் ஜெயித்தவர். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், நான் துருவாமல், நான் மிரட்டாமல், அவராகவே என்னிடம் சொன்ன முதல் உண்மை அது. என்ன ஒரு உண்மை! அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. பகல் வெளிச்சத்தில், சாயா கிளாஸோடு பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் எப்படி அழுவது? முந்தானையால் அவர் கழுத்தில் வழிந்த ஒப்பனையைத் துடைத்துவிட்டேன்.

அடுத்த காட்சிக்கு மணி அடித்தது. அவர் நகராமல் நின்றார். "போறியா?" என்று கேட்டார்.

"எங்க போறது? மணி அடிக்குதில்ல, நீங்க போங்க" என்றேன்.

அவர் ஒப்பனை அறையைப் பார்க்க நடந்தார். மிளகுத் தரகர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பொட்டலம் இன்னும் உள்ளேதான் இருந்தது, எனக்குத் தெரியும். கதவு மூடிக்கொண்டது. நான் பின்னால் போகவில்லை. மகளைத் தேடிக்கொண்டு பெண்கள் பக்கம் போனேன்.