விளக்கு வைத்த பின் கேட்ட மோர்

அழகம்மாளைப் போல ஒரு கறார்க்காரியை ஆலங்குடிப் பக்கம் நான் பார்த்ததில்லை. வீட்டில் கறவை மாடு உண்டு. பகலில் யார் மோர் கேட்டாலும் முகம் கோணாமல் ஊற்றுவாள். விளக்கு வைத்துவிட்டாலோ ஒரு சொட்டுக் கிடைக்காது. விளக்கு வைத்த வீட்டிலிருந்து மோர் வெளியே போனால் சீதேவியும் கூடவே போய்விடுவாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவளுக்கு அந்தப் பயம் கொஞ்சம் அதிகம். புருஷன் அழகுமலை ரங்கூனில் இருந்தான். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்ட பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் உயிரோடு திரும்ப வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தவறாமல் நெய் விளக்கு ஏற்றி வந்தாள்.

நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில் பக்கத்து வீட்டு மூக்காயியின் மகள் சொர்ணத்துக்கு வயிற்றுப்போக்கு. மூன்று வயதுப் பிள்ளை. பால் குடித்தால் அப்படியே போனது. புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த டாக்டர் பார்த்தார்.

"பால நிறுத்தும்மா. தண்ணியக் காய்ச்சிக் குடு, பூச்சி செத்துரும். உப்புப் போட்டு மோர் குடு. மோர்ல நல்ல பூச்சி இருக்கு, அதுதான் வயித்துக்குக் காவல்."

நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தப் பாழாய்ப்போன பூச்சி என்ற சொல்லைக் கெட்ட கிருமி, நல்ல கிருமி இரண்டுக்கும் சொல்லித் தொலைத்தாரே! மூக்காயி பயந்துபோய் மோரையும் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிவிட்டாள். அது திரிந்து போனது. தயிர்ப்பானையையும் வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு உறை ஊற்றக்கூட வீட்டில் ஒரு துளி இல்லை.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் வழியில் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன காரியம்மா பண்ணிட்ட! நல்லதையும் சேத்துக் கொன்னுட்டியே. புள்ள துவண்டு கெடக்கு. காய்ச்சாத மோரு எங்கயாச்சும் வாங்கி, உடனே குடு."

அன்று வெள்ளிக்கிழமை. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு வைத்தாயிற்று. வாசலுக்கு வாசல் "காலையில வாடி" என்றார்கள். அட, ஈவிரக்கம் இல்லாத சனங்களா! பிள்ளை காலைவரை தாங்குமா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. கடைசியில் மூக்காயி அழகம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, புள்ள கண்ணே தெறக்கலக்கா. ஒரு செம்பு மோரு..."

அழகம்மாள் எரிகிற விளக்கைப் பார்த்தாள். ஒரு பூவை எடுத்துத் திரியை அமர்த்தினாள்.

"ஐயோ அக்கா! மச்சானுக்காக ஏத்துன வெளக்காச்சே!"

"எங்க வீட்டுல இன்னும் வெளக்கு வைக்கலடி. செம்ப நீட்டு."

அந்த மோரும் கஞ்சியுமாகப் பிள்ளை மெல்லத் தேறியது. அழகுமலை வரவில்லை. ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்களோடு கிளம்பி வழியிலேயே செத்துப்போனான் என்று பின்னால் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை விளக்கை அணைத்தவள் என்று ஊர் வாய் சும்மா இருக்குமா?

மூக்காயி தாங்க முடியாமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னாலதானேக்கா மச்சான் போனாரு?"

அழகம்மாளும் அழுதாள். இல்லை என்று சொல்லவில்லை.

"இருக்கும்டி," என்றாள். "ஆனா, அந்த வெள்ளிக்கெழமையே திரும்பி வந்து, நீ செம்ப நீட்டிக்கிட்டு நின்னா, மறுபடியும் ஊத்தத்தான்டி செய்வேன்."