மா உருட்டும் பலகையில் சீஸ்

கல்யாணமாகி ஆறு வருடத்தில் என் கணவர் குசினிக்குள் வந்து காய் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்ததை நான் கண்டது அந்த ஒரு நாள்தான். எண்பத்து நான்காம் ஆண்டு, மாம்பழக் காலம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவரோடு படித்த ஒரு பெண் தன் கணவனோடு கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு வருவதாகக் கடிதம் எழுதியிருந்தாள். முந்தின வருடக் கலவரத்தில் கொழும்பு வீட்டை இழந்து, சாவகச்சேரியில் தகப்பனோடு வந்து இருந்தவர்கள். இப்போது கனடாவுக்குப் போகிறார்கள். போகமுன் ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

வடையும் கேசரியும் செய்கிறேன் என்றேன்.

"வேண்டாம், உமக்கு ஏன் சிரமம். அவவுக்கு சீஸ் எண்டால் உயிர். நான் பாத்துக்கொள்ளுறன்."

எனக்கு எது உயிர் என்று கேட்டால் இவர் என்ன சொல்வார் என்று யோசித்தபடி அரிசி களைந்தேன்.

அன்று காலையிலேயே சைக்கிளில் பட்டணம் போய் ஒரு டின் சீஸும் கிறீம் கிறைக்கர் பிஸ்கட்டும் வாங்கி வந்தார். வழியில் யாரோ ஒருவருடைய திராட்சைத் தோட்டத்தில் இறங்கி முந்திரிகைக் குலைகளும் வெட்டுவித்திருந்தார். உப்பு முடிந்துவிட்டது என்று நான் மூன்று நாள் சொல்ல வேண்டிய மனிதர். ரொட்டிக்கு மா உருட்டும் என் பலகையை என்னிடம் கேட்காமலே எடுத்து, தேசிக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினார். சீஸை முக்கோணமாக வெட்டி நடுவில் அடுக்கினார். ஒரு பக்கம் முந்திரிகை, மறுபக்கம் கறுத்தக்கொழும்பான் மாம்பழத் துண்டுகள். வாழைப்பழத்தை வட்டமாக வெட்டி அதன் மேல் தேசிக்காய்ப் புளி பிழிந்துவிட்டார்.

"உதெல்லாம் ஆரிட்டைப் பழகினனீங்கள்?"

"அவவிட்டைத்தான். ஆருக்கும் பிறந்தநாள் எண்டால் அவதான் இப்பிடி அடுக்குவா. புளி விட்டால் வாழைப்பழம் கறுக்காது எண்டு சொன்னதும் அவதான்."

எறும்பு ஏறாமல் இருக்க, தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, பலகையை அதன் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். கிணற்றடியில் அவர் பாடுவது கேட்டது. நான் பலகையைத் தூக்கி ஜன்னல் கட்டில் வைத்தேன். மேசையில் இடம் காணாமல் வைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த ஜன்னலால் எறும்பு வருவது எனக்குத் தெரியும். முதல் எறும்பு வந்தபோது நான் அங்கேதான் நின்றேன். பிறகு போய்ச் சேலை மாற்றினேன்.

அவள் நான் நினைத்த மாதிரி இருக்கவில்லை. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, பருத்திச் சேலை கசங்கியிருந்தது. ஆறுதலாக இருந்தது. வாசல் படலையில் நின்று அவள் வாயைத் திறக்கும் வரைக்கும்தான்.

"நீர் நல்லாய் மெலிஞ்சு போனீர்."

"நீர் மட்டும் என்னவாம்?" என்றார் இவர்.

இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து 'நீர்' வருவது எனக்கு மட்டும்தான் என்று இருந்தவள் நான்.

பலகையை எடுக்கப் போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை. நான் உள்ளே போனேன். சீஸ் தெரியாமல் எறும்பு மொய்த்திருந்தது.

"தண்ணித் தட்டிலையெல்லோ வைச்சனான்."

"இடம் காணாமல் மாத்தினனான்."

அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் அவள் பின்னால் வந்துவிட்டாள். பலகையை அப்படியே முற்றத்துக்குக் கொண்டுபோய், வெயிலில் பிடித்து, ஊதி ஊதித் தட்டி, ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"கம்பஸ் சாப்பாட்டிலை இதைவிடக் கூடக் கிடந்தது, என்ன?"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் எனக்கும் அவள் கணவனுக்கும் இடமில்லை. அவர் பாவம், கழுவிக் கொடுத்த மாம்பழத்தைத் தின்றுகொண்டு, "இது எங்கை வாங்கினது?" என்று என்னிடம் கேட்டார். சந்தையில் என்றேன். அதற்கு மேல் எங்களுக்குக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

பின்னேரம் பஸ் ஏற்றிவிட்டு இவர் திரும்பி வந்தபோது நான் வாசலில் நின்றேன்.

"நீங்கள் அவவைக் கட்ட விரும்பினனீங்களோ?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஓம். ஒருக்கால் கேட்டனான். அவ மாட்டன் எண்டிட்டா."

"ஏன்?"

"அவ சொல்லேல்லை. நான் கேக்கவுமில்லை."

அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது கோபம். இவரிடம் என்ன குறை கண்டாள்? படிப்பில்லையா, குணமில்லையா? வந்ததிலிருந்து மாம்பழத்தைத் தவிர வேறொன்றும் கதைக்காத அந்த மனிதரிடம் எதைக் கண்டாள்?

"அவவுக்கு என்ன அவ்வளவு எடுப்பும் திமிரும்?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கனடாவிலிருந்து கடிதம் வந்தது, எங்கள் இருவர் பெயருக்கும். பதில் எழுதக் குந்தியவர், "நீரும் சுகம் விசாரிச்சதாய் எழுதட்டோ?" என்று கேட்டார்.

"எழுத வேண்டாம்," என்றேன்.