இருக்கிறவர்களின் நோட்டு

உங்கள் பெரியப்பா படத்துக்கு ஏன் மாலை போடுவதில்லை என்று நீங்கள் இருவரும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தெரிந்தவரை எழுதுகிறேன்.

என் அண்ணன் பெயின்டர். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கடலோரத்தில் இருக்கும் ஒரு பழைய மாதா பேராலயத்துக்குத் திருவிழா வேலையாகச் சுண்ணாம்பு அடிக்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறினார். "கொடி ஏத்தினதும் வந்துடறேன்" என்று போனில் சொன்னார். வேலை முடிந்து அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்கப்புறம் பார்த்தவர்கள் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினோம்.

போன வருஷம் அதே திருவிழாவுக்கு நானும் அண்ணியும், அதாவது உங்கள் பெரியம்மாவும், போனோம். அவர் அடித்த சுண்ணாம்பின் மேல் எத்தனையோ தடவை புதுச் சுண்ணாம்பு ஏறியிருக்கும். இருந்தும் அண்ணி சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். கூட்டத்தில் கைலியை மடித்துக் கட்டிய முதுகு எது தெரிந்தாலும் முன்னால் போய் முகத்தைப் பார்த்தேன்.

நான் ஒரு முடிவோடுதான் போயிருந்தேன். அண்ணன் இனி இல்லை. அவர் கடைசியாக வேலை செய்த இடத்தில் அவர் ஆத்மாவுக்கு ஒரு பூசை வைத்துவிட்டு, ஊருக்கு வந்து காரியம் செய்துவிட வேண்டும். அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை.

வாசலில் மேசை போட்டு வயதான ஒரு அம்மா பூசைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நம்மூர் அர்ச்சனைப் பழக்கத்தில் அண்ணன் பெயரோடு நட்சத்திரத்தையும் சொன்னேன்.

"நட்சத்திரத்த நீங்களே வெச்சுக்கங்க. மாதாவுக்குப் பேரு போதும்" என்று சிரித்தார். பிறகு, "இருக்கறவங்களுக்கா, இறந்தவங்களுக்கா?" என்றார். முன்னால் இரண்டு நோட்டுகள் இருந்தன.

அண்ணாமலையார் கோயிலில் இத்தனை வருஷம் அர்ச்சனை செய்தும் யாரும் இதைக் கேட்டதில்லை. இரண்டு நோட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னா தம்பி யோசனை?" என்றார் அண்ணி.

"ஒண்ணும் தெரியாம எப்டி அண்ணி சொல்றது?"

"தெரியாமதான் நான் இத்தினி வருசம் பொட்டு வெச்சிக்கினு இருக்கனா? நீங்க இருக்கறவங்கனு எழுதுங்கம்மா."

பூசையில் மைக் வைத்துப் பெயர்களை வாசித்தார்கள். அண்ணன் பெயர் அந்த உயரமான கூரைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. அண்ணி சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். முடிவு கட்டிவிட்டு வந்த நானும் திரும்பினேன். வாசல் வெயிலில் ஒருவர் நின்றிருந்தார். முகம் தெரியவில்லை. அண்ணனைப் போலவே ஒரு தோள் இறங்கியிருந்தது.

எழுந்து போனேன். அவர் பலூன் விற்கிறவர். "எந்த ஊருங்க நீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

"யாரு?" என்றார் அண்ணி.

"வேற யாரோ."

"சரி. தேரு கிளம்பட்டும். கூட்டம் இன்னும் ஜாஸ்தியா வரும்."

தேர் நிலைக்கு வரும்வரை இரண்டு பேரும் ஓரமாக நின்று முகங்களைப் பார்த்தோம். காரியம் பற்றி நான் அன்றும் பேசவில்லை, இன்றுவரையும் பேசவில்லை.