பன்னிரண்டு விநாடி இருட்டு

விளக்குக்குக் காது கிடையாது. இதை எங்கள் கோயில் கமிட்டிக்குச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுபோனது. பாட்டைக் கேட்டுத்தான் பல்பு ஆடுகிறது என்று இன்றைக்கும் அவர்கள் நம்புகிறார்கள். குடிலிலும் கோபுரத்திலும் கொடிமரத்திலும் கட்டியிருக்கும் அத்தனை பல்புக்கும் தெரிந்தது ஒன்றுதான்: பாட்டு தொடங்கி எந்த விநாடியில் எரிய வேண்டும், எந்த விநாடியில் அணைய வேண்டும். அந்த விநாடிகளைக் குறித்துக் கொடுப்பவள் நான். நடுவில் ஒரு சொல்லை வெட்டி ஒட்டினாலும் அதற்குப் பிறகு வருவதெல்லாம் தப்பாகிவிடும். தாலி கட்டி முடித்து எல்லாரும் பந்திக்குப் போன பிறகு கெட்டிமேளம் கொட்டுவது போல இருக்கும்.

திருவொற்றியூரில் கல்யாண வீடியோக்களுக்குப் பாட்டு சேர்க்கும் கடையில் எனக்கு வேலை. பிறந்தது எண்ணூரில் ஒரு மீனவக் குப்பம், அம்மா இன்னும் அங்கேதான். கிறிஸ்துமஸ் வந்தால் கோயில் விளக்குக்குப் பாட்டு தயார் செய்யும் வேலை தானாக என் தலையில் வந்து விழும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் குப்பத்திலும் அந்தப் பழமொழி செல்லுபடியாகும்.

அந்த வருடம் மட்டும் நான் முணுமுணுக்காமல் செய்தேன். பாட்டு அம்மா கட்டியது. கோயிலில் பெண்கள் பாடகர் குழுவுக்கு அம்மாதான் தலைவி. பகலில் ஆற்றங்கரை அனல்மின் கம்பெனியின் கேன்டீனில் பாத்திரம் கழுவுவாள், கான்ட்ராக்ட் வேலை. அந்தக் கம்பெனியின் சாம்பல்தான் அப்பா வலை வீசிய ஆற்றை நிரப்பியது. அப்பா அந்தச் சேற்றில் இறங்கி இறங்கியே கால் புண்ணாகி, அதிலேயே காலம் முடிந்து போனார். குப்பத்தில் பாதி வீட்டுக்கு அங்கேதான் சம்பளம் என்பதால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புகார் போனாலும் பேர் போடாத மொட்டைக் கடுதாசியாகத்தான் போகும்.

பாட்டில் எல்லாம் வழக்கமான சங்கதிதான். விண்மீன், இடையர்கள், மாட்டுக் கொட்டகை. கடைசி அடிக்கு முன்னால் மட்டும் அம்மா ஒரு வரி வைத்திருந்தாள்:

"சத்திரத்துல எடமில்ல சாமி அன்னிக்கு ஒனக்கு, ஆத்துல சாம்பல் குந்திகினு கீது, எங்க வந்து பொறப்பே?"

முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பாவைப் பற்றி அம்மா வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. சொன்னது இந்த ஒரு வரியில்தான்.

கோயிலுக்குள் ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். வியர்வையில் நனைந்துகொண்டே பெண்கள் பாடினார்கள். நடுவே மின்சார ரயில் ஊதியது, மறுபடி பாட வைத்தேன். கடைக்கு எடுத்துப்போய் இரைச்சலைக் கழித்து, குரல்களைச் சமன் செய்து, ஒவ்வொரு தாளத்துக்கும் அடையாளம் வைத்தேன். விளக்குக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். அந்த வரி வரும் பன்னிரண்டு விநாடியும் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கோபுரத்து நட்சத்திரம்கூட எரியக்கூடாது. அதை இருட்டில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவரும் அப்படியே செய்து, விளக்குகளை ஓட்டும் பெட்டியில் ஏற்றிவிட்டார்.

அப்புறம்தான் தெரிந்தது, விளக்குச் செலவு முழுக்க அந்தக் கம்பெனியுடையது என்று. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, இவர்கள் ஆட்ட வந்தது குழந்தை இயேசுவின் தொட்டிலை. கமிட்டி ஆட்கள் நன்றிப் பெருக்கில் பாட்டை அப்படியே வாட்ஸப்பில் கம்பெனி அதிகாரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் எனக்கு போன் செய்தார்.

"பாட்டு ரொம்ப அழகா வந்திருக்கு மேடம். அந்த ஒரு வரி மட்டும் பண்டிகை நேரத்துல கொஞ்சம் நெகட்டிவா இருக்கே. எடுத்துட்டு அங்கே கோயில் மணிச் சத்தம் வெச்சிடலாமா?"

குரலில் அப்படி ஒரு பணிவு. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். "முடியாது சார்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

சாயங்காலமே குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன், கமிட்டித் தலைவர். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"இன்னாம்மா நீ, ஒத்த வரிக்கு இம்மா பேஜாரு பண்ற? நாளைக்கு அவன் லைட்டக் கழட்டிகினு பூட்டா, கோயிலு இருட்டுல கெடக்கும். பரவால்லயா?"

"கெடக்கட்டுமே! ஆத்த அவன் நாறடிச்சப்ப கமிட்டி எங்க போச்சு? அப்பா கால் புண்ணு உங்களுக்கு மறந்துபோச்சா பெரியப்பா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "ஒனக்கும் அங்கதான் வேல. பாத்துக்கோ" என்றார்.

மிரட்டலா, அக்கறையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எது என்றாலும் என் கோபம் குறையாது. ஆனால் அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "வெட்டிடும்மா" என்றாள்.

என் ஆத்திரம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. உன் வரியை நீயே வெட்டச் சொல்கிறாயா, உனக்கு வெட்கமில்லையா என்று கத்தினேன். பெரியப்பா போனபிறகும் கத்தினேன். நான் கத்தி ஓயும்வரை அம்மா காத்திருந்து கேட்டாள்.

"வெட்டிட்டா அந்த எடத்துல இன்னா வரும்?"

"ஒண்ணும் வராது. வெட்டி ஒட்டினா லைட்டெல்லாம் தப்பாயிடும். அதனால சத்தத்த மட்டும் எடுத்துட்டு சும்மா வுடணும். மணி கிணியெல்லாம் நான் வெக்க மாட்டேன்."

"லைட்டு?"

"அதுவும் இருக்காது. பன்னெண்டு செகண்டு இருட்டுதான்."

"போதும்" என்றாள்.

கடைக்குப் போய் அந்த வரியை எடுத்தேன். திரையில் மேடும் பள்ளமுமாக ஓடிய குரல் அந்த இடத்தில் ஒரே கோடாகப் படுத்துக்கொண்டது. என் வாழ்நாளில் எத்தனையோ இருமலையும் தும்மலையும் அழுகையையும் வெட்டியிருக்கிறேன். அன்றைக்குப் போல வயிறு எரிந்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சாயங்காலப் பொழுது. கோயில் முற்றம் நிறையக் கூட்டம். முன்வரிசையில் அதிகாரி, பக்கத்தில் பெரியப்பா. கம்பெனி பேர் போட்ட பேனர் குடிலைவிடப் பெரிதாக இருந்தது. நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், விளக்குப் பெட்டியோடு இருந்தேன். பாடகர் குழுப் பெண்கள் குடிலருகே ஒரே நிறப் புடவையில் சும்மா நின்றார்கள். பாட்டுத்தான் ஸ்பீக்கரில் வருகிறதே, அவர்களுக்கு வேலை இல்லை.

பாட்டு ஓடியது. தாளத்துக்குத் தாளம் கோபுரம் சிவந்தது, வெளுத்தது. சனம் வாயைப் பிளந்து பார்த்தது. எனக்குத்தான் ஒன்றும் ரசிக்கவில்லை. அந்த இடம் வந்தது. பாட்டு நின்றது, விளக்கெல்லாம் அணைந்தது. "கரண்ட் பூட்ச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சத்திரத்துல எடமில்ல சாமி..."

அடுத்த சொல்லில் மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. நான் வெட்டியதை இவர்கள் தைக்கிறார்கள். இருட்டில் யார் முகமும் தெரியாது, அம்மாவின் வேலைக்கும் ஆபத்தில்லை என்று நினைத்தேன்.

ஆனால் அவர்கள் மெதுவாகப் பாடினார்கள். பதிவில் இருந்த வேகம் இல்லை, சாவு வீட்டில் பாடுவது போல இழுத்து இழுத்துப் பாடினார்கள். அவர்கள் "ஆத்துல" என்று தொடங்கும்போதே நேரம் முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விளக்குக்கு அது தெரியாது. பெட்டியின் வயரில் கையை வைத்தேன். பிடுங்கினால் இருட்டு நீடிக்கும், அம்மா தப்பித்துக்கொள்வாள். பிடுங்கலாமா வேண்டாமா என்று நான் திணறுவதற்குள் பளீரென்று அத்தனை விளக்கும் எரிந்தது.

கடைசி அடி ஸ்பீக்கரில் முழங்கியது. அதற்கு நடுவிலும் அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. இரண்டு மூன்று பெண்கள் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அம்மா நிறுத்தவில்லை. அதிகாரியை நேராகப் பார்த்து, "சாம்பல் குந்திகினு கீது, எங்க வந்து பொறப்பே?" என்று முடித்த பிறகுதான் வாயை மூடினாள். பெரியப்பா என்னைப் பார்த்து அணை, அணை என்று கையை ஆட்டினார். நான் வயரிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அதிகாரி கோபப்படவில்லை. எழுந்து கைதட்டினார், கேக் வெட்டினார், எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார். ஜனவரி பிறந்ததும் கான்ட்ராக்டர் அம்மாவிடம், ஆட்களைக் குறைக்கிறோம், இனி வரவேண்டாம் என்றார். குறைக்கப்பட்டது அம்மா ஒருத்திதான்.

செய்தி கேட்டு நான் குப்பத்துக்கு ஓடினேன். அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். காசிமேட்டில் காசு கொடுத்து வாங்கி வந்த சங்கரா. ஆற்றோரக் குடும்பத்துக்கு மீன் பஸ்ஸில் வருகிறது. அதைப் பார்த்ததும் என் வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

"கொஞ்சம் வேகமா பாடித் தொலைச்சிருந்தா இருட்டுலயே முடிஞ்சிருக்கும் இல்ல? பன்னெண்டு செகண்டுதான்னு உங்கிட்ட சொன்னேனே! யாரு பாடினாங்கன்னே தெரிஞ்சிருக்காதே!"

அம்மா செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"இருட்டுலயே பாடிட்டுப் பூட்டா, அது மொட்டக் கடுதாசிடி" என்றாள். "ஒங்கப்பனுக்கு பேரு இல்லியா?"