யுகேந்திரனை வளவாளராக்கிய பாடம்

அன்புவழிபுரத்தில் யுகேந்திரனின் வீட்டுக்குள் காலை வைத்தால் முதலில் கண்ணில் படுவது சாமிப்படம் இல்லை, சான்றிதழ்தான். லமினேற் பண்ணி, ஆணி அடித்து, முகடு வரைக்கும் ஏற்றி வைத்திருக்கிறான். தலைமைத்துவம், முரண்பாட்டு முகாமை, கிணறு துப்புரவாக்கல் என்று எல்லாம் இருக்கும். கிணறு துப்புரவாக்கப் படித்தவன் தன் வீட்டுக் கிணற்றை இறைக்க இன்றைக்கும் கூலிக்கு ஆள் தேடித் திரிகிறான்.

ஆள் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். அதொன்றும் குற்றமில்லை, ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வந்து குவிந்த நேரத்தில் இவன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். கையில் மார்க்கர் பேனை வைத்திருக்கிறவனை மேசைக்குக் கூப்பிடுவார்கள், வைத்திருக்காதவனை வரிசையில் நிற்பாட்டுவார்கள். அன்றைக்கு எடுத்த மார்க்கரை இவன் கீழே வைக்கவில்லை. வாகனங்கள் போய்விட்டன, மார்க்கர் சட்டைப்பையில் தங்கிவிட்டது. மனைவி கஜந்தி ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். அவளுடைய சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. இவன் செயலமர்வு செயலமர்வாகப் போய்த் தேத்தண்ணி நேரத்துப் பற்றிஸ் தின்று வந்தான்.

கடைசியாகப் பிடித்த கொம்பு வளர்ந்தோர் கல்வி. எழுத வாசிக்கத் தெரியாத பெரிய ஆட்களுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்களைப் பழக்கிச் சான்றிதழ் கொடுக்கிற ஒரு பயிற்சிநெறி. அதில் தேறினால் இவன் வளவாளர். அதாவது மற்ற ஆசிரியர்களைப் பழக்கப் போகலாம், கதிரை கிடைக்கும், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் கிடைக்கும். தேறாவிட்டால் பழையபடி வீட்டு விறாந்தையில் குந்த வேண்டியதுதான். கஜந்தியும் சொல்லிவிட்டாள், இதுதான் கடைசி, இதிலும் தவறினால் தன் தமையனின் இரும்புக்கடையில் போய் நில்லுங்கோ என்று. அங்கே மார்க்கருக்கு வேலையில்லை, மூட்டைதான் தூக்க வேண்டும்.

எழுத்துப் பரீட்சை எல்லாவற்றிலும் இவன் கெட்டிக்காரன். 'கற்பவரின் கண்ணியம்' என்ற பாடத்துக்கு எல்லாரையும்விடக் கூடப் புள்ளி. மிச்சம் இருந்தது செயன்முறைப் பாடம் ஒன்றுதான். பரிசோதகர் வந்து பின்வரிசையில் இருப்பார், இவன் உண்மையான ஆட்களுக்குப் படிப்பிக்க வேண்டும்.

சல்லி என்ற கரையோர ஊரின் சனசமூக நிலையத்தில் இவனுக்கு ஒரு வகுப்பு இருந்தது. இருந்தது என்று சொல்வது வாய் கூசாத பொய். வரவுப் பதிவில் இருந்தது. எழுத்துத் தெரியாத சனம் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு மிஸ் வந்து பார்க்கப்போகிறா என்று கேட்டவுடன் அவர்கள் வலை பொத்தக் கிடக்கு, மகள் வீட்டுக்குப் போகக் கிடக்கு என்று கழன்றுவிட்டார்கள். தெரியாததை வெளியாருக்கு முன்னால் காட்ட ஆர் வருவான்? மிஸ் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் வந்து கூடினவர்கள் எல்லாரும் ஊரின் கணக்கில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள். அதிலும் இரத்தினேஸ்வரியக்கா ஊருக்கே பெட்டிசம் எழுதிக் கொடுக்கிற மனுசி.

யுகேந்திரன் இதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. நாடகம் பழக்குகிற அண்ணாவி மாதிரிப் பாத்திரம் பிரித்தான். நீங்கள் தெரியாதமாதிரி இருங்கோ, நீங்கள் எழுத்துக்கூட்டித் தடக்குங்கோ, கடைசியில் ஒராள் எழும்பி முழு வசனத்தையும் வாசிக்க வேணும், அப்பத்தான் வகுப்பால் பலன் கிடைத்தது தெரியும் என்றான். வசனம், 'கடல் அமைதியாக இருக்கிறது.'

முன்கதிரையில் முருகேசு இருந்தார். கரைவலையும் தோணியும் சொந்தமாக உள்ளவர், கோயில் தலைவர், சனசமூக நிலையத்துக் கதவுப் பூட்டின் திறப்பும் அவர் மடியில்தான். அவர் இல்லாமல் அந்த ஊரில் ஒரு காரியம் நடவாது. கிணறு வெட்டினாலும் முதல் தேங்காய் அவர் கையில், திருவிழா முடிந்தால் கோயில் மரியாதையாக முதல் காளாஞ்சி அவர் கையில். காலையில் பேப்பர் ஒன்று வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வலைவாடிக்குப் போவார். கண்ணாடி வீட்டில் கிடக்கு, இதை ஒருக்கா வாசி தம்பி என்று ஆரிடமாவது நீட்டுவார். அப்படிப்பட்டவரைப் பார்த்து, ஐயா நீங்கள் எழுத்துத் தெரியாத ஆளாக நடியுங்கோ என்று எந்த வாய் சொல்லும்? காளாஞ்சி மாதிரியே வாசிக்கிற பாத்திரமும் முதலில் அவரிடம் போனது. வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முருகேசு கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். வசனத்தை இன்னொருக்கா சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, "சரி, சொல்லுவம்," என்றார். வாசிப்பம் என்று அவர் சொல்லவில்லை. கண்ணியத்தில் கூடப் புள்ளி எடுத்தவனுக்கு அது காதில் ஏறவில்லை.

அடுத்தநாள் பரிசோதகர் நஜ்முன் நிஸா மிஸ் கிண்ணியாவிலிருந்து வந்து இறங்கினா. முடித்துக்கொண்டு குச்சவெளிக்கும் போக வேண்டும் என்று சாரதி எஞ்சினை நிற்பாட்டாமலே நின்றான். யுகேந்திரனுக்கு அவவைக் கண்டவுடன் புத்தி கூடிவிட்டது. கற்பவரின் தொழிலிலிருந்து வசனத்தை எடுக்க வேண்டும் என்று பயிற்சிக் கைந்நூலில் இருந்தது ஞாபகம் வந்தது. பழைய தாளைச் சுருட்டி எறிந்துவிட்டுப் புதுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினான்: 'எல்லாரும் சேர்ந்து இழுத்தால் வலை வரும்.' வாசிக்கத் தெரிந்த சனம்தானே, எதை எழுதினால் என்ன என்று நினைத்தான்.

நாடகம் நன்றாகத்தான் தொடங்கியது. இரத்தினேஸ்வரியக்கா எ, ல், லா என்று எழுத்துக்கூட்டிய விதத்தைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து சிலேட்டையே காணாதவ என்றுதான் நினைக்க வேண்டும். பிறகு யுகேந்திரன் கையை விரித்து, "இப்ப எங்கட முருகேசு ஐயா வாசிச்சுக் காட்டுவார்," என்றான்.

முருகேசு எழும்பினார். சால்வையைச் சரிப்படுத்தினார். தாளை நேரே பார்த்து, தேவாரம் படிக்கிற குரலில், "கடல் அமைதியாக இருக்கிறது," என்றார்.

பின்னுக்கிருந்து ஒருத்தன் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினான். மிஸ் தாளைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, பிறகு யுகேந்திரனைப் பார்த்தா. முருகேசு நின்றபடியே நின்றார். எங்கே பிழைத்தது என்று அவருக்கு விளங்கவில்லை. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துத்தான் விளங்கியது. இது முன்னமே தெரிந்தவர்கள் இரண்டொருவர் அந்த ஊரில் இருந்திருப்பார்கள். தெரிந்ததைச் சொல்லாமல் பேப்பரை வாசித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் யுகேந்திரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாளை நான்தான் மாத்தினனான் மிஸ், ஐயா பழைய வசனத்தைச் சொல்லுறார் என்று. அது உண்மையும்கூட. ஆனால் சொன்னால் நாடகம் உடையும், இரும்புக்கடை மூட்டை முதுகில் ஏறும். அவன் மார்க்கரை மூடிப் பையில் வைத்தான்.

"இவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது மிஸ்," என்றான். "இப்படி ஆக்களுக்காகத்தான் நான் இந்த வகுப்பை நடத்துறனான்."

சொன்னதோடு விடவில்லை. கைந்நூலில் அடுத்த படி, கற்பவரின் கையைப் பிடித்து எழுத்தை உணர்த்தல். முருகேசுவின் சுட்டுவிரலைப் பிடித்து, தாளில் 'வ'வுக்கு மேலே வைத்து, "சொல்லுங்கோ ஐயா, வ," என்றான். கயிறிழுத்துத் தடித்த விரல். வெளியார் ஒரு பெண்பிள்ளை இருக்கிற இடத்தில் கையை உதறுவது மரியாதையில்லை என்று அவர் விட்டுக்கொடுத்தார்.

"வ," என்றார். அதுக்குப் பிறகு சால்வையை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். திறப்பைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

மிஸ்ஸுக்கு ஏதோ இடறல் இருந்தது உண்மை. பேனையைப் பிடித்தபடி வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தா. வெளியில் சாரதி ஹோர்ன் அடித்தான். 'கற்பவரின் தேவையை உடனே இனங்கண்டார்' என்று எழுதி, கையெழுத்து வைத்து, குச்சவெளிக்குப் போய்விட்டா.

சான்றிதழ் வந்தது. அதற்கு அடுத்த கிழமை இவன் பேருக்கு ஒருக்கா சல்லிக்குப் போய்ப் பார்த்தான். நிலையம் திறந்து கிடந்தது, இரத்தினேஸ்வரியக்கா வாசல் கூட்டிக்கொண்டு நின்றா. வகுப்பு இல்லையோ என்று கேட்டான்.

"திறப்பு இருக்கு மாஸ்டர், கதிரை இருக்கு," என்றா அவ, நிமிராமல். "ஆக்கள்தான் இல்லை. உங்களுக்கு ஆக்கள் என்னத்துக்கு? நீங்கள்தான் பாஸ் ஆகிட்டீங்களே."

அந்த வருசத் திருவிழாவில் குருக்கள் காளாஞ்சித் தட்டோடு பார்த்தபோது முருகேசு சனத்துக்குள் பின்னால் நின்றார். வேற ஆருக்கும் குடுங்கோ என்றார். பேப்பரும் வாங்குவதில்லை.

யுகேந்திரன் இப்போது வளவாளர். நகரத்து மண்டபங்களில் ஆசிரியர்களைப் பழக்குகிறான். அவனுக்குப் பிடித்த தலைப்பு 'வளர்ந்தோரின் சுயமரியாதை'. ஒவ்வொரு தடவையும் சல்லிக் கதையைச் சொல்வான். பெரிய மனிதர் ஒருவர், வெட்கத்தில் மறைத்து வைத்திருந்தார், நான் விரலைப் பிடித்து முதல் எழுத்தை உணர்த்தினேன் என்று. குரல் தழதழக்கும். முன்வரிசையில் ஒன்றிரண்டு பேர் கண் துடைப்பார்கள்.

போன மாதம் சம்பூரிலிருந்து வந்த கமலேஸ்வரி என்ற ரீச்சர் கையை உயர்த்தினா. கதையைக் கேட்டு உண்மையாகவே உருகியிருந்தா.

"அந்த ஐயா இப்ப வாசிக்கிறாரோ சேர்?"

யுகேந்திரன் மார்க்கரைச் சட்டைப்பையில் செருகினான். "ஓம். இப்ப ஒவ்வொரு நாளும் பேப்பர் வாசிக்கிறார்," என்றான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, தேத்தண்ணி வந்திட்டுது, சூடாறமுதல் குடிப்பம் என்று சொல்லி, எல்லாருக்கும் முதல் போய்ப் பற்றிஸ் தட்டுக்கு முன்னால் நின்றான்.