இங்கிலாந்துக்குப் பதிலாக நான்

பாரிசின் லா ஷப்பெல்லில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. விசா கிடைக்காமல் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்ட தாய்மாமனைக் கல்யாணப் படத்தில், மணமகளுக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கிறார் கடைக்காரர். என் போனில் இருக்கும் ஓவியத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரக் கேட்கிறேன். அமெரிக்க விடுதலைக்கு இதே பாரிசில் ஒப்பந்தம் பேசியவர்களின் ஓவியம். இடப்பக்கம் அமெரிக்கத் தூதர்கள் நெருக்கியடித்து இருக்கிறார்கள். வலப்பக்கம் எதுவும் வரையாத வெறும் துணி.

"மற்றப் பகுதி எங்கை? கோவிச்சுக்கொண்டு போட்டினமோ?"

"ஆமாண்ணே. இங்கிலாந்துக்காரங்க. தோத்ததால படத்துக்கு உட்கார மாட்டேன்னுட்டாங்களாம். அப்படியே பாதியில நின்னுபோச்சு."

"எங்கடை கலியாணங்களிலயும் உது நடக்கிறதுதான். அவையின்ரை படம் ஒண்டு தாங்கோ, ஒட்டிவிடுறன்."

கையெழுத்துப் போட்ட ஆங்கிலேயருக்குப் படமே இல்லையாம் என்கிறேன். அவர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் கோட்டு ஒன்றை எனக்கு மாட்டி, ஸ்டூலில் உட்காரவைக்கிறார். எங்களையும் ஆண்ட வெள்ளைக்காரன் இடத்தில் நானா! சிரிப்பு அடங்கவில்லை.

கேமராவுக்குப் பின்னாலிருந்து அதட்டுகிறார்:

"சிரிக்காதேங்கோ அண்ணை. நாடு போன ஆள் சிரிக்கிறேல்லை."